அவள் காலுக்கு ஓர் அளவு

பாலத்தைத் தாண்டியதும் சாலை மலையில் ஏறத் தொடங்கும். முதல் இரண்டு வளைவுகளை அவளுடைய சின்ன சிவப்புக் கார் முனகாமல் ஏறிவிடும். மூன்றாவது வளைவில்தான் அதற்கு மூச்சு முட்டும். எவ்வளவு மிதித்தாலும் சத்தம் மட்டும் கூடும், வேகம் கூடாது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அவள் கண்ணாடியில் பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஓரமாக ஒதுங்குவாள்.

அந்தப் புதன்கிழமை முன்னால் ஒரு தண்ணீர் லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. வளைவு முடிந்து நேர்ச்சாலை வந்ததும் லாரிக்காரர் கையை வெளியே நீட்டி, தாண்டிப் போகச் சொல்லி சைகை காட்டினார். எதிரே சாலை காலி. அவள் இரண்டாவது கியருக்கு இறக்கி, வலது பக்கம் வெளியே வந்து, பெடலைத் தரை வரைக்கும் மிதித்தாள்.

வண்டி யோசித்தது. அப்புறம் மெதுவாகக் கிளம்பியது. லாரியின் பின்சக்கரம் பக்கத்தில் வந்தது. முன்சக்கரம் வருவதற்குள், மேலே இருந்து ஒரு வெள்ளை வேன் திரும்பி இறங்கியது.

"போ, போ, போயிடு," என்று அவள் வண்டியிடம் கெஞ்சினாள். அது கேட்கவில்லை. கடைசியில் லாரிக்காரர்தான் பிரேக் போட்டு இடம் விட்டார். அவள் உள்ளே நுழைந்துகொண்டாள். வேன் உரசுகிற மாதிரி கடந்து போனது. அதன் டிரைவர் வாயைத் திறந்து ஏதோ திட்டியது தெரிந்தது. என்ன திட்டினான் என்று கேட்கவில்லை. என்னவாக இருந்தாலும் அவன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் பிசியோதெரபிஸ்ட். ஆஸ்பத்திரிக்கு இறங்கி வர முடியாத நோயாளிகளை மலை மேலே அவர்கள் வீட்டுக்கே போய் நடக்க வைப்பது அவள் வேலை. அன்றைய முதல் நோயாளி ஓய்வு பெற்ற தபால்காரர். முட்டி அறுவை சிகிச்சை முடிந்து, நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்ன பிசியோம்மா, இன்னிக்கும் லேட்டா? நான் இதே மேட்டுல சைக்கிள்ல உங்களுக்கு முன்னாடி வந்துடுவேன்."

"அப்படி ஏறினதாலதான் முட்டி இந்த கதிக்கு வந்துது. உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அவள் அவருடைய முட்டியின் மேல் கையை வைத்தாள். கை நடுங்கியது.

"என்னம்மா இது? மடக்கப் போறது என் முட்டி. வலி எனக்கு. நடுக்கம் உங்களுக்கா?"

அவள் சிரித்துச் சமாளித்தாள். ஆனால் அவருடைய காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்த அந்த நேரம் முழுவதும் மனசுக்குள் ஒரே ஒரு வாக்கியம்தான் ஓடியது. எனக்கு ஓட்ட வரவில்லை.

போன வருஷம் மழையில் ரவுண்டானாவில் வண்டி வழுக்கி, தடுப்புச் சுவரில் மோதி, அவளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் பிரித்த பிறகு தன் தோளுக்குத் தானே பயிற்சி கொடுத்துத் தேற்றிக்கொண்டாள். மலை வேலை காலியானபோது, "எனக்குக் கொடுங்க மேடம்," என்று தலைமை டாக்டரிடம் போய் நின்றவளும் அவள்தான். ஓட்டிக் காட்ட வேண்டும் என்ற வீம்பு அதில் பாதி. இப்போது அந்த வீம்பெல்லாம் மூன்றாவது வளைவில் இறங்கிப் போய்விட்டது.

ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில் சொன்னாள்.

"திங்கக்கிழமை மேடம்கிட்ட சொல்லிடப் போறேன். மலை வேலை வேணாம். கீழ ஆஸ்பத்திரியிலயே இருந்துக்கிறேன்."

மாமியார் கரண்டியோடு நின்றுவிட்டார். "ஏம்மா? போன வாரம்கூட அந்தத் தபால்காரர் எதையும் பிடிக்காம நாலு அடி நடந்துட்டாருன்னு நீ இந்த வீட்டையே சுத்திச் சுத்தி வந்தியே?"

"எனக்கு ஓட்ட வரல அத்தை. அவ்வளவுதான்."

"யார் சொன்னது?"

"மலை சொல்லுது."

அவளுடைய கணவன் தண்ணீர் டம்ளரை எடுத்து, குடிக்காமலே கீழே வைத்தான். "உன் இஷ்டம். கஷ்டப்பட்டுப் போகணும்னு என்ன கட்டாயம்?" என்றான்.

சொல்லும்போதே நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது அவனுக்குத் தெரிந்தது. இனிமேல் அவள் அந்த மலையில் ஏற மாட்டாள். மழை வந்தால் ஜன்னலையும் போனையும் மாறி மாறிப் பார்க்க வேண்டியதில்லை. அடுத்த நொடியே அவள் முகத்தைப் பார்த்தான். பரீட்சையில் தோற்ற பெண் மாதிரி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கிய பாரம் இரண்டு மடங்காகத் திரும்பி வந்து உட்கார்ந்தது.

ஏனென்றால் அவளுக்கு ஓட்ட வரும். வராமல் செய்திருந்தவன் அவன்.

இன்ஜினை ட்யூன் செய்வதுதான் அவன் தொழில். இப்போதைய கார்களில் பெடலுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் கம்பி கிடையாது. கால் எவ்வளவு மிதிக்கிறது என்று ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பார்க்கிறது. அதற்கு எவ்வளவு காற்று, எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்று தனக்குள் இருக்கிற அட்டவணையைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. அந்த அட்டவணைக்கு ஒர்க்‌ஷாப்பில் மேப் என்று பெயர். அதைத் திறந்து, எண்களை மாற்றி, ஒரு வண்டியைப் பாய வைக்கவும் அடங்கிப் போக வைக்கவும் அவனுக்குத் தெரியும். பாய வைக்கச் சொல்லித்தான் ஆட்கள் வருவார்கள். அடக்கி வைக்கச் சொல்லி இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

அவள் கட்டுப் பிரித்து மறுபடி ஓட்ட ஆரம்பித்த வாரத்தில், ஒரு மத்தியானம், அவன் அவளுடைய வண்டியில் லேப்டாப்பைச் செருகினான். முழுதாக மிதித்தாலும் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் திறக்கும்படி எழுதினான். கொஞ்ச நாளைக்குத்தான் என்று நினைத்தான். கை பழகட்டும், பயம் போகட்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம். அடுத்த வாரம் விடலாம் என்று நினைத்தபோது மழை வந்தது. அதற்கடுத்த வாரம் யாரோ ஒரு பையன் நசுங்கிப் போன வண்டியை இழுத்துக்கொண்டு வந்தான். இப்படியே போய்விட்டது. அவள் மலை வேலைக்குச் சேர்ந்தபோதாவது சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு அவள் இருந்த சந்தோஷத்தில், எப்படிச் சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

*

ஒர்க்‌ஷாப் இரண்டு பேருடையது. இன்ஜினைப் பிரித்துச் சேர்ப்பது அவளுடைய அண்ணன். மேப் எழுதுவது அவன். தங்கையைக் கட்டிக் கொடுத்ததால் கூட்டாளி ஆனானா, கூட்டாளி என்பதால் தங்கையைக் கொடுத்தாரா என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். "ரெண்டுலயும் எனக்குத்தான் நஷ்டம்," என்பார் அண்ணன்.

சனிக்கிழமை காலை அவன் போனபோது சிவப்புக் கார் ஏற்கெனவே உள்ளே நின்றது. பானெட் திறந்திருந்தது. ஏர் ஃபில்டரும் ஸ்பார்க் ப்ளக்குகளும் ஒரு துணியின் மேல் வரிசையாகக் கிடந்தன.

"என்ன மச்சான் இது?"

"உன் பொண்டாட்டி போன் பண்ணினா. ஓட்ட வரலையாம். ஓட்டச் சொல்லிக் கொடுத்தவனே நான், வராம எங்க போகும்? வண்டில ஏதோ கோளாறு மாப்ள. ஆனா எங்கன்னு பிடிபடல. ப்ளக் புதுசு மாதிரி இருக்கு. ஃபில்டர் சுத்தம். கம்ப்ரஷன் பார்த்தேன், நாலு சிலிண்டரும் அண்ணன் தம்பி மாதிரி சமமா இருக்கு. பெட்ரோல் அழுத்தம் சரி. ஆயில்கூட அவளே பார்த்துப் பார்த்து ஊத்தி வெச்சிருக்கா. இவ்வளவு நல்லாப் பார்த்துக்கிற வண்டி ஏன் மேடு ஏறாது?"

"வண்டில ஒண்ணும் இருக்காது," என்றான் அவன். பொய் இல்லை. அதனால்தான் சொல்லும்போது இன்னும் கேவலமாக இருந்தது.

"அதையேதான் நானும் சொல்றேன். ஒண்ணும் இல்ல, ஆனா ஓடல. சைலன்சர் அடைச்சிருக்கும். கழட்டறேன்."

"அதெல்லாம் வேணாம் மச்சான்…"

"நீ ஏன் பதறுற? உன் வண்டியையா கழட்டறேன், என் தங்கச்சி வண்டி."

அவர் படுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார். துருப்பிடித்த நட்டோடு சண்டை போடுகிற சத்தம் கேட்டது. அவன் நின்றான். குனிந்து சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை முயன்றான். இரண்டு தடவையும் அண்ணன் ஸ்பேனர் கேட்டார். எடுத்துக் கொடுத்தான்.

மத்தியானம் ஆஸ்பத்திரி முடிந்து அவள் நேராக ஒர்க்‌ஷாப்புக்கே வந்துவிட்டாள். அண்ணன் சைலன்சரைக் கழற்றி, பார்த்து, மறுபடி மாட்டி, முகமெல்லாம் கரியோடு உட்கார்ந்திருந்தார்.

"விடுண்ணா. நான்தான் சொன்னேனே, தப்பு என் மேலதான்."

"வாயை மூடிட்டு வண்டியில ஏறு பாப்பா. ரோலர்ல ஏத்திப் பார்த்துடலாம். நீயே மிதி. நீ எப்படி மிதிக்கிறேன்னு நான் பார்க்கணும்."

ரோலர் என்பது தரையில் பதித்த இரண்டு பெரிய உருளைகள். முன்சக்கரங்கள் அதன் மேல் நிற்கும். வண்டி எவ்வளவு வேகமாக ஓடினாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். சக்கரத்துக்கு வந்து சேர்கிற பலம் எவ்வளவு என்று திரையில் கோடாக வரையும். அண்ணன் வண்டியைப் பட்டைகளால் நான்கு பக்கமும் இழுத்துக் கட்டினார். பெரிய ஃபேனை முன்னால் தள்ளி வைத்தார். பெடலின் கணக்கு, இன்ஜினின் கணக்கு எல்லாம் திரையில் வருகிற மாதிரி வயரைச் செருகினார்.

"மாப்ள, திரையைப் பார்த்துச் சொல்லு."

"நீங்களே பாருங்க மச்சான்," என்று அவன் சுவரோரமாகப் போய் நின்றான்.

அவள் கியர் போட்டாள். உருளைகள் சுற்றின. ஒர்க்‌ஷாப் முழுக்க இன்ஜின் சத்தம் நிறைந்தது.

"மிதி!" என்று கத்தினார் அண்ணன்.

"மிதிச்சுட்டேன்!"

"முழுசா மிதி!"

"இதுக்கு மேல மிதிச்சா கால் ரோட்டுல போய் நிக்கும்ணா!"

அண்ணன் திரையைப் பார்த்தார். கண்ணை இடுக்கிக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார். கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். உருளைகள் ஓய்ந்து நிற்கும் வரை காத்திருந்தார்.

"பாப்பா. நீ சரியாத்தான் மிதிக்கிற. பெடல் நூறுன்னு காட்டுது." கரி படிந்த விரலைத் திரையில் வைத்தார். "ஆனா உள்ள திறக்கிறது அம்பத்தெட்டு. எந்த வேகத்துலயும் அம்பத்தெட்டு. கோளாறுன்னா கூடும், குறையும், குதிக்கும். இது கோடு போட்ட மாதிரி நிக்குது. யாரோ உக்காந்து எழுதியிருக்காங்க."

அந்த ஒர்க்‌ஷாப்பில் எழுதத் தெரிந்தவன் ஒருவன்தான். அண்ணன் மெதுவாகத் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தார். அவள் கார்க் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, அண்ணன் பார்த்த திசையில் பார்த்தாள்.

"நான்தான்," என்றான் அவன்.

ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணன் போய் அதை அணைத்தார். அணைத்ததும், அணைக்காமலே இருந்திருக்கலாம் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். "நான் டீ சொல்லிட்டு வரேன்," என்று வெளியே போய்விட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை நீ, வா, போ என்றுதான் பேசுவாள். மரியாதை கொடுத்தால் கோபமாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

"எப்போ செஞ்சீங்க?"

"உனக்குக் கட்டுப் பிரிச்ச வாரம்."

"சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?"

"சொன்னா நீ வேணாம்னு சொல்லியிருப்ப."

"அப்போ என் பதில் தெரியும். தெரிஞ்சதாலதான் கேக்கல."

அவன் கண் திரையில் நின்ற ஐம்பத்தெட்டுக்குப் போனது.

"ஒவ்வொரு நாளும் அந்த மேட்டுல, பின்னாடி வர்றவன் ஹாரன் அடிக்க அடிக்க, நான் என்னையே திட்டிட்டுப் போவேன். காலைத் திட்டுவேன். கையைத் திட்டுவேன். வீட்டுக்கு வந்து உங்ககிட்டயே கேட்டேன், எனக்கு ஏன் ஓட்ட வரலன்னு. நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? 'போகப் போகப் பழகிடும்'னு சொன்னீங்க."

"நீ பத்திரமா இருக்கணும்னுதான்…"

"பத்திரமா?" அவள் குரல் முதல் தடவையாக உடைந்தது. "புதன்கிழமை ஒரு லாரியைத் தாண்டப் போனேன். பாதியில வண்டி செத்துப் போச்சு. எதுத்தாப்புல வேன். லாரிக்காரர் நல்லவர், பிரேக் போட்டார். இல்லன்னா இன்னிக்கு நீங்க ரோலர்ல ஏத்தறதுக்கு வண்டி இருந்திருக்காது."

அவன் பின்னால் கையை நீட்டிச் சுவரைத் தொட்டுக்கொண்டான். இன்ஜினைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் அவன். தாண்டிப் போகும்போது இழுவை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எந்தப் பையன் கேட்டாலும் வரைந்து காட்டியிருப்பான். தன் மனைவியின் வண்டியை எழுதும்போது மட்டும் ரவுண்டானாவும் மழையும் தடுப்புச் சுவரும்தான் கண்ணில் நின்றன. மேட்டில் ஒரு லாரி ஊரும் என்று அவன் நினைக்கவே இல்லை.

"நீ அதைச் சொல்லவே இல்லையே," என்றான் மெல்ல.

"சொல்லியிருந்தா இன்னும் பத்து குறைச்சிருப்பீங்க."

அது உண்மையாக இருக்கலாம் என்று அவனுக்கும் பட்டது. லேப்டாப்பை எடுத்தான். "இப்பவே மாத்திடறேன். கம்பெனி மேப் அப்படியே இருக்கு. அஞ்சு நிமிஷம்."

"தொடாதீங்க!"

அவன் கை நின்றது.

"எனக்குத் தெரியாம குறைச்சீங்க. இப்போ நீங்களே பார்த்து ஏத்தி விடுவீங்க. ரெண்டும் உங்க முடிவு. ஓட்டறது மட்டும் நானா?" அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "ஒரு கைக்கு எப்போ கட்டுப் போடணும்னு எனக்குத் தெரியும். எப்போ பிரிக்கணும்னும் தெரியும். பிரிக்காம விட்டா எலும்பு நல்லாத்தான் சேரும். கைதான் சூம்பிப் போகும். இதுகூடத் தெரியாத ஆளா நீங்க?"

அவள் பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள். டீயோடு திரும்பிய அண்ணன் இரண்டு டம்ளரையும் தானே குடித்தார். "சைலன்சரைக் கழட்டினேன்டா," என்றார், கொஞ்ச நேரம் கழித்து. "துரு மூஞ்சியெல்லாம் கொட்டிச்சு. நீ ஸ்பேனர் எடுத்துக் கொடுத்த பார், அதைத்தான் மாப்ள என்னால ஜீரணிக்க முடியல."

*

சாயங்காலம் வீட்டில் அவள் அறையில் இருந்தாள். அவனுடைய அம்மா சமையலறையில் அவனைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாம் கேள்விப்பட்டேன். ஊர்ல இருக்கிற பசங்களுக்கெல்லாம் றெக்கை கட்டி விடற. கட்டினவளுக்கு மட்டும் கால்ல கல்லைக் கட்டினியா?"

"பயம்மா."

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லணும். வாய் இருக்குல்ல? அதை விட்டுட்டு வண்டிக்குள்ள போயா எழுதி வைப்பாங்க?" அவர் குரலைத் தணித்தார். "அவ ஆஸ்பத்திரியில கிடந்தப்போ நீ சோறு தண்ணி இல்லாம உக்காந்திருந்ததை நான் பார்த்தேன். அவ எங்க பார்த்தா? மயக்கத்துல இருந்தா. போய்ச் சொல்லு."

போய்ச் சொன்னான். கதவருகில் நின்றபடி, கோர்வையில்லாமல் சொன்னான். அன்றைக்கு போனில் 'உங்க மனைவியா?' என்று ஒரு தெரியாத குரல் கேட்டதைச் சொன்னான். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், அந்த வண்டியின் மேப்பை அதற்கு முந்தின மாதம்தான் கொஞ்சம் கூட்டி எழுதியிருந்தது ஞாபகம் வந்ததைச் சொன்னான். அவள் கேட்டுத்தான் கூட்டினான். ஆனாலும் தன் கையால்தான் வழுக்கியது என்று இன்று வரை அவனுக்கு ஒரு எண்ணம்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இது அவளுக்குப் புதிது.

"அது வழுக்கினது தேஞ்சு போன டயரால. மாத்தணும் மாத்தணும்னு நான்தான் தள்ளிப் போட்டேன். அண்ணன் அப்பவே சொன்னாரே."

"தெரியும். மூளைக்குத் தெரியும்."

அவள் நகர்ந்து கட்டிலில் இடம் விட்டாள். அவன் உட்கார்ந்தான்.

"கோபம் போகல," என்றாள்.

"சரி."

"நாளைக்கு மலைக்குப் போறோம். ரோடு காலியா இருக்கும். நான் ஓட்டுவேன், நீ பக்கத்துல லேப்டாப்போட உக்காரு. எனக்கு எவ்வளவு வேணும்னு நான் சொல்லுவேன். நீ எழுது. அதுக்கப்புறமும் எனக்கு வரலன்னா, நிஜமாவே வரல. திங்கக்கிழமை மேடம்கிட்ட சொல்லிடறேன். ஆனா அது என்னால ஆனதா இருக்கணும்."

*

ஞாயிற்றுக்கிழமை காலை பாலத்தடியில் நிறுத்தி முதல் தடவை எழுதினான். கம்பெனி கொடுத்த மேப், அப்படியே. வண்டியை அணைத்து, லேப்டாப்பிலிருந்து உள்ளே ஏற்றி, மறுபடி கிளப்ப வேண்டும். அதுவரை இருவரும் திரையில் நகர்கிற பச்சைக் கோட்டைப் பார்த்தார்கள்.

அவள் மிதித்ததும் வண்டி ஒரே துள்ளல். அவன் தலை சீட்டில் முட்டியது. அவள் உடனே காலை எடுத்துவிட்டாள்.

"எனக்கு இது வேணாம்."

அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. "இதுதான் வண்டி வாங்கினப்போ இருந்தது."

"இருக்கட்டும். தொட்டதும் சுருக்குன்னு பாயுது. வளைவுல திரும்பும்போது எனக்கு அது பிடிக்கல. ஆரம்பம் மெதுவா இருக்கட்டும். பாதிக்கு மேல மிதிச்சா, அப்போ தயங்காம வரணும். கேட்டதும் கொடுக்கணும், கேக்காம கொடுக்கக் கூடாது."

அவன் எண்களை மாற்றினான். இரண்டாவது தடவை ஏறினார்கள். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. "நடுவுல இன்னும்," என்றாள். இறங்கி வந்து மறுபடி எழுதினான். இந்தத் தடவை அவள் எங்கே மிதிக்கிறாள், எங்கே விடுகிறாள் என்று திரையில் பார்த்துக்கொண்டே வந்தான். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தாள். திரும்பி நேரான பிறகுதான் மிதித்தாள். பதற்றத்தில் குத்துகிற மிதி ஒன்றுகூட இல்லை. அவனிடம் வருகிற பையன்களில் பாதிப் பேருக்கு இந்தப் பொறுமை கிடையாது. இவ்வளவு நாளாகப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவையாவது பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

"நீ நல்லா ஓட்டற," என்றான்.

"இப்போ வந்து சொல்லு."

"இப்போதான் பார்த்தேன்."

"அதான் சொல்றேன், இப்போதான் பார்த்திருக்க."

மூன்றாவது வளைவில் அவன் வலது கால் தானாகவே தரையில் அழுந்தியது.

"அந்தப் பக்கம் பிரேக் கிடையாது," என்றாள் அவள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பழக்கதோஷம்."

வளைவு நிமிர்ந்தது. அவள் மிதித்தாள். வண்டி திணறவில்லை, துள்ளவும் இல்லை. கை பிடித்து மேலே தூக்கி விட்ட மாதிரி ஏறியது. அவள் முகத்தில் சிரிப்பு வரவில்லை. அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே ஓட்டினாள். மேலே அகலமான இடத்தில் வண்டியைத் திருப்பி, மறுபடி பாலத்தடிக்கு இறக்கிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

"இன்னும் மாத்தணுமா?" என்றான்.

"வேணாம். இதுதான் என் அளவு. வயரை எடு."

எடுத்தான்.

"இப்போ இறங்கு."

"என்னது?"

"இறங்கு. தபால்காரர் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை நான் போகவே இல்ல, வயித்து வலின்னு பொய் சொல்லிட்டேன். இன்னிக்கு வரேன்னு காலையில போன் பண்ணிட்டேன். நான் தனியாப் போகணும்."

சொல்ல நிறைய இருந்தது அவனுக்கு. மேலே மேகம் கறுத்திருந்தது. சாலை ஈரமானால் மூன்றாவது வளைவில் மணல் வந்து கிடக்கும். எல்லாவற்றையும் வாய் வரைக்கும் கொண்டு வந்தான்.

"எனக்குப் பயமா இருக்கு," என்றான். அதை மட்டும்.

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "தெரியும்," என்று அவன் கையை ஒரு தடவை அழுத்தினாள். "எனக்கும்தான். இறங்கு."

அவன் லேப்டாப் பையை அணைத்துக்கொண்டு இறங்கினான். சிவப்புக் கார் மலைப் பக்கம் திரும்பியது. முதல் வளைவில் மறைந்தது. பாலத்தடியில் இருந்த டீக்கடைக்காரர், "என்ன சார், சண்டையா? பாதி வழியில இறக்கி விட்டுட்டாங்க?" என்றார்.

"சண்டை நேத்து. இது சமாதானம்."

"இப்படி ஒரு சமாதானத்தை நான் பார்த்ததில்ல," என்று அவர் டீயை நீட்டினார்.

டீ ஆறிப் போனது. தூறல் போட ஆரம்பித்தது. அவன் மேலே பார்க்காமல் இருக்க முயன்றான். போனை எடுத்தான், வைத்தான். மேலே இருந்து ஒரு தண்ணீர் லாரி இறங்கி வந்தது. அந்த டிரைவரை நிறுத்தி, வழியில் ஒரு சிவப்புக் காரைப் பார்த்தீர்களா என்று கேட்க எழுந்தான். எழுந்தவன் மறுபடி உட்கார்ந்துகொண்டான். லாரி போய்விட்டது.

போன் அடித்தது.

"வந்து சேர்ந்துட்டேன். இவர் நான் சீக்கிரம் வந்துட்டேன்னு கோவிச்சுக்கிறார். இன்னும் சாப்பிடக்கூட இல்லையாம்." பின்னால் தபால்காரர் ஏதோ உரக்கச் சொல்வது கேட்டது. அவள் சிரித்தாள். "நடக்க வெச்சுட்டுத்தான் வருவேன். நேரமாகும். நீ பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போ."

"நாளைக்கு மேடம்கிட்ட என்ன சொல்லப் போற?"

"மேல இன்னும் ரெண்டு வீடு சேத்துக் கொடுங்கன்னு."

"மூணாவது வளைவுல எப்படி இருந்துது?"

"அது எனக்கும் என் வண்டிக்கும் நடுவுல இருக்கட்டும்," என்றாள். "அத்தைகிட்ட எனக்கும் சேத்துச் சமைக்கச் சொல்லு. பசிக்குது."

பஸ் வந்து நின்றது. அவன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, அம்மாவுக்கு போன் போட்டான்.